இரட்டைகளின் லிஸ்டில் தேட முப்பத்தைந்து நிமிடம். அப்படியும் கண்முன்னே இருக்கும் சொல்லை "இல்லை" என்கிறது

பிழைதிருத்தி:

எல்லோருக்கும் வணக்கம். முப்பது வருடம் மெய்ப்புப் பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு பைத்தான் நிரல்மொழி படிக்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. அதனால் கேள்வி நீளமாக இருக்கும், சில இடங்களில் அசட்டுத்தனமாகவும் இருக்கும். கைப்பேசியிலிருந்து எழுதுவதால் நிரலை ஒட்ட முடியவில்லை. வாயால் சொல்வதுபோல் சொல்கிறேன். பதில் சொல்கிறவர்களும் அப்படியே சொன்னால் எனக்கும் சுலபம்.

என்னிடம் ஒரு கலைச்சொல் பட்டியல் இருக்கிறது. பைத்தானில் அது ஒரு லிஸ்ட். அதற்குள் ஒவ்வொன்றும் ஒரு டியூப்பிள்: முதலில் சொல், அடுத்து விளக்கம். மொத்தம் 21,460 இரட்டைகள். சில சொற்களுக்கு இன்னும் விளக்கம் எழுதவில்லை, அந்த இடத்தில் 'நன்' (ஒன்றும் இல்லை என்பதற்குப் பைத்தானில் உள்ள மதிப்பு) போட்டு வைத்திருக்கிறேன்.

இன்னொரு பக்கம், தன்னார்வலர்கள் ஏழெட்டுப் பேர் தட்டச்சு செய்து அனுப்பிய தலைச்சொற்கள் 1,86,000. ஒவ்வொன்றும் என் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறதா, இருந்தால் அதன் விளக்கம் என்ன என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதலில் 'இன்' போட்டு, "அச்சு" இந்த லிஸ்டில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றது. எதைக் கேட்டாலும் இல்லை. அரை நாள் கழித்துத்தான் புரிந்தது: லிஸ்டில் இருப்பது சொல் அல்ல, சொல்லும் விளக்கமும் சேர்ந்த இரட்டை. வெறும் சொல்லைக் கொண்டுபோய் இரட்டையோடு ஒப்பிட்டால் எப்படிச் சமமாகும்? சரி என்று லூப்புக்குள் லூப் எழுதினேன். ஒவ்வொரு தலைச்சொல்லுக்கும் பட்டியலை மேலிருந்து பார்த்து வந்து, இரண்டு பக்கமும் 'ஸ்ட்ரிப்' செய்து (ஓரத்து இடைவெளிகளை நீக்கி), சமமாக இருந்தால் அங்கேயே நிறுத்து. வேலை செய்கிறது. ஆனால் முப்பத்தைந்து நிமிடம் ஆகிறது. என் மடிக்கணினி பழசு, ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது சங்கடம் இதைவிட மோசம். "கொள்கலம்" என்ற சொல் என் பட்டியலில் இருக்கிறது. அவர்கள் அனுப்பியதிலும் இருக்கிறது. இரண்டையும் திரையில் அருகருகே வைத்துப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். மெய்ப்புப் பார்த்த கண், ஏமாறாது என்று நினைத்திருந்தேன். நிரல் "இல்லை" என்கிறது.

சுழல்வண்டு:

ஐயா, லிஸ்டை அப்படியே 'டிக்ட்' என்பதன் அடைப்புக்குள் போடுங்கள். ஒரே வரி, டிக்ஷனரி கிடைத்துவிடும். சொல் கீ (தேடும் சாவி) ஆகிவிடும், விளக்கம் வேல்யூ ஆகிவிடும்.

இப்போது நீங்கள் செய்வதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 21,460 பெருக்கல் 1,86,000 என்றால் கிட்டத்தட்ட 399 கோடி. பாதி வழியில் கிடைத்துவிடுகிற சொற்களைக் கழித்தாலும் நூற்றுக்கணக்கான கோடி ஒப்பீடு. கிடைக்காத ஒவ்வொரு சொல்லுக்கும் பட்டியல் முழுவதையும் நடந்து முடிக்க வேண்டும், அதுதான் கொல்கிறது. போதாக்குறைக்கு உள் லூப்பில் 'ஸ்ட்ரிப்' வேறு! பட்டியலில் உள்ள ஒரே சொல்லை 1,86,000 தடவை துடைக்கிறீர்கள். டிக்ஷனரியில் நடையே கிடையாது. சொல்லிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண் காட்டும் இடத்தில் போய் நேராகப் பார்க்கும். பட்டியல் பத்து மடங்கு பெருத்தாலும் தேடும் நேரம் ஏறக்குறைய அதேதான்.

வெறும் இருபது இரட்டை இருந்து, ஒரே ஒரு தடவை தேடுவதாக இருந்தால் லிஸ்ட்டே போதும் என்றுதான் சொல்வேன். உங்களுடையது அப்படி இல்லை.

பிழைதிருத்தி:

ஐயா இல்லை, அம்மா. பரவாயில்லை.

செய்துவிட்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை! ஏதோ தப்பு, நிரல் ஓடவே இல்லை என்று நினைத்து மூன்று தடவை ஓட்டினேன். முப்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்து காத்திருந்த நாட்களை எண்ணி யார்மீது கோபப்படுவது என்று தெரியவில்லை.

ஆனால் எண்ணிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. டிக்ஷனரியின் நீளம் 20,987 என்று வருகிறது. லிஸ்டில் 21,460 இருந்தது. 473 இரட்டைகள் எங்கே போயின? ஒரு எரரும் வரவில்லை, ஓர் எச்சரிக்கையும் இல்லை. அச்சகத்தில் ஒரு பாரம் காணாமல் போனால்கூட யாராவது சத்தம் போடுவார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். "அச்சு" என்று தேடினால் லூப் "சுழலும் பொருளின் நடுக்கோடு" என்று தந்தது. டிக்ஷனரி "எழுத்தைத் தாளில் பதிக்கும் முறை" என்கிறது.

அடைப்புக்குறி:

அம்மா, இரண்டும் ஒரே காரணம். உங்கள் பட்டியலில் "அச்சு" இரண்டு தடவை இருக்கிறது. லூப் முதலில் எதிர்ப்படுவதோடு நின்றுவிடும். டிக்ஷனரி கட்டும்போது அதே கீ மறுபடி வந்தால் பழைய வேல்யூவின்மேல் புதியது ஏறி உட்கார்ந்துகொள்ளும். முதல் வந்தவர் ஒன்றில் ஜெயிக்கிறார், கடைசியில் வந்தவர் இன்னொன்றில். லிஸ்டிலிருந்து டிக்ஷனரிக்கு மாறுகிறவர்கள் பலர் இதை மாதக்கணக்கில் கவனிப்பதே இல்லை. நீங்கள் எண்ணிப் பார்த்தது நல்லதாயிற்று.

உங்களுக்கு இரண்டு பொருளும் வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு கீக்கும் ஒரு விளக்கம் அல்ல, விளக்கங்களின் லிஸ்ட் ஒன்றை வைக்க வேண்டும். வெற்று டிக்ஷனரியோடு ஆரம்பியுங்கள். இரட்டைகளை ஒரே ஒரு தடவை சுற்றி வாருங்கள். 'செட்டிஃபால்ட்' என்ற மெத்தடில் சொல்லையும் ஒரு வெற்று லிஸ்டையும் கொடுத்தால், சொல் புதிதாக இருந்தால் அந்த வெற்று லிஸ்டை வைக்கும், ஏற்கெனவே இருந்தால் உள்ளதையே திருப்பித் தரும். தந்ததில் விளக்கத்தை 'அப்பெண்ட்' செய்து கடைசியில் சேர்த்துவிடுங்கள். 'கலெக்ஷன்ஸ்' மாட்யூலில் 'டிஃபால்ட்டிக்ட்' என்றும் ஒன்று உண்டு, அதே வேலைதான். ஆனால் அதில் ஒரு பொறி: சதுர அடைப்புக்குள் இல்லாத சொல்லைப் போட்டுச் சும்மா எட்டிப் பார்த்தாலும் அந்தச் சொல்லை உள்ளே சேர்த்துவிடும். 1,86,000 சொல்லை அப்படிக் கேட்டீர்கள் என்றால் உங்கள் கலைச்சொல் பட்டியல் ஊதிவிடும். 'செட்டிஃபால்ட்' என்றால், கட்டி முடித்தபின் அது சாதாரண டிக்ஷனரிதான்.

கொஞ்சம் பழங்கதை பேசினால் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். இரட்டைகளின் லிஸ்டில் தேடுவது 1958-இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் மொழியின் ஆதி வித்தைகளில் ஒன்று. காமன் லிஸ்பில் அதற்கு 'அசோக்' என்ற ஃபங்ஷனே இருக்கிறது. அதுவும் முதலில் கிடைப்பதோடு நிற்கும். ஆனால் அங்கே புதிய இரட்டையைப் பட்டியலின் தலையில் செருகுவார்கள். ஆக, முதலில் கிடைப்பது எப்போதும் புதியது. பழையது அழியாமல் அதன் நிழலில் கிடக்கும், மேலே இருப்பதை எடுத்துவிட்டால் மறுபடி தெரியும். உங்கள் பட்டியலில் நடந்தது விபத்து. அவர்கள் அதையே வசதியாக்கிக்கொண்டார்கள்.

இன்னொரு நுணுக்கமும் அதில் எனக்குப் பிடிக்கும். 'அசோக்' விளக்கத்தை மட்டும் தராது, முழு இரட்டையையும் தரும். ஏன் தெரியுமா? "சொல்லே இல்லை" என்பதும் "சொல் இருக்கிறது, விளக்கம் காலி" என்பதும் வேறு வேறு அல்லவா. பைத்தானில் கீயைக் கொடுத்தால் வேல்யூவை எடுத்துத் தரும் டிக்ஷனரியின் 'கெட்' இரண்டுக்கும் 'நன்' என்றே சொல்லும். நீங்கள் விளக்கம் எழுதாத இடத்தில் 'நன்' வைத்திருப்பதாகச் சொன்னீர்களே, அதனால்தான் கேட்கிறேன்: அந்தச் சொற்களை இப்போது எந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?

பிழைதிருத்தி:

"இல்லை" கணக்கில்தான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள். 'கெட்' போட்டு, வந்தது 'நன்' என்றால் புதுச்சொல் என்று எழுதிவைத்துக்கொண்டிருந்தேன். நான் சேர்த்த சொல்லையே எனக்குப் புதுச்சொல் என்று காட்டியிருக்கிறது!

லிஸ்டாகப் போட்டதும் அந்தக் குழப்பம் தானாகவே போய்விட்டது. இல்லாத சொல்லுக்கு 'நன்' வரும், விளக்கம் இல்லாத சொல்லுக்கு உள்ளே ஒரு 'நன்' இருக்கும் லிஸ்ட் வரும். இருந்தாலும் 'இன்' போட்டுக் கேட்கும்படியே மாற்றிவிட்டேன். டிக்ஷனரியில் 'இன்' கீயை மட்டும் பார்க்கிறது என்பதில் ஓர் அற்ப சந்தோஷம். முதல் நாள் நான் எழுதிய அதே வரி, இப்போது வேலை செய்கிறது.

"கொள்கலம்" மட்டும் இன்னும் இல்லை.

துணைக்கால்:

அந்த இரண்டு "கொள்கலம்" சொற்களின் நீளத்தையும் 'லென்' போட்டுச் சொல்லுங்கள் அம்மா. வேறெதுவும் இப்போது வேண்டாம்.

பிழைதிருத்தி:

என்னுடையது 8. அவர்களுடையது 9. எப்படி? ஒன்பதாவது எழுத்து எங்கே ஒளிந்திருக்கிறது?

துணைக்கால்:

"கொ"வுக்குள்.

கணினி அந்தச் சொல்லை நீங்கள் படிப்பதுபோல் படிப்பதில்லை. 'ஆர்ட்' என்ற ஃபங்ஷனில் ஒவ்வொரு குறியாகக் கொடுத்துப் பார்த்தால் எண்கள் வரும். உங்கள் சொல் 2965, 3018 என்று தொடங்கும். அதாவது "க", அதன் பிறகு ஒகரக் குறி முழுவதும் ஒரே எண்ணாக. அவர்கள் சொல் 2965, 3014, 3006 என்று தொடங்கும். "க", பிறகு ஒற்றைக்கொம்பு தனியாக, துணைக்கால் தனியாக. திரையில் வரையும்போது இரண்டுக்கும் ஒரே உருவம். விசைப்பலகை மென்பொருளைப் பொறுத்து இப்படியும் வரும், அப்படியும் வரும். ஓகாரத்துக்கும் இதே கதை, 3019 அல்லது 3015-உம் 3006-உம்.

எழுத்துகளுக்கு இந்த எண்களைக் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடு இரண்டையும் சமமானவை என்றே வரையறுத்திருக்கிறது. ஆனால் பைத்தானின் சமக்குறி எண்களை மட்டும்தான் ஒப்பிடும். எண் வேறு என்றால் சொல் வேறு. டிக்ஷனரியும் அப்படித்தான். 'யூனிகோட்டேட்டா' மாட்யூலில் 'நார்மலைஸ்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அதற்கு 'என்எஃப்சி' என்ற வடிவத்தைச் சொல்லிச் சொல்லைக் கொடுத்தால், பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் ஒன்றாக்கித் தரும். இதை இரண்டு இடத்திலும் செய்ய வேண்டும்: டிக்ஷனரி கட்டும்போது ஒரு தடவை, தேடப் போகும் சொல்லுக்கு ஒரு தடவை. ஒரு பக்கம் மட்டும் செய்துவிட்டு வந்து "இன்னும் கிடைக்கவில்லை" என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிழைதிருத்தி:

எனக்குச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. ஈய எழுத்துக் கோத்த காலத்தில் கொம்பு தனி, கால் தனி. கோப்பவர் கொம்பை வைத்து, எழுத்தை வைத்து, காலை வைப்பார். அந்தப் பிரிவு தாளோடு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

'என்எஃப்சி' போட்டபின் கணக்கு: கிடைத்த சொற்கள் 38,214-இலிருந்து 44,902 ஆகிவிட்டன. இன்னொரு வேடிக்கை, என் டிக்ஷனரியில் 20,987 சொற்கள் இருந்தது 20,941 ஆகிவிட்டது. என் பட்டியலிலேயே 46 சொற்கள் இரண்டு விதமாகவும் இருந்திருக்கின்றன. அவர்களைக் குறை சொல்ல வாயெடுத்தவள் மூடிக்கொண்டேன்.

இன்னும் மிச்சம் இருக்கிறது. மூன்று கோப்புகளில் முதல் சொல் மட்டும், ஆமாம் முதல் சொல் மட்டும், எப்போதும் கிடைப்பதில்லை. அப்புறம் "பௌதிகம்".

துணைக்கால்:

முதல் சொல்லின் முதல் குறியை 'ஆர்ட்'டில் கொடுங்கள். 65279 என்று வந்தால் அது சில மென்பொருள்கள் கோப்பின் தலையில் சத்தமில்லாமல் வைக்கும் அடையாளக் குறி. கண்ணுக்குத் தெரியாது, 'ஸ்ட்ரிப்'புக்கும் அகப்படாது, ஏனென்றால் பைத்தான் அதை இடைவெளியாகக் கருதுவதில்லை. கோப்பைத் திறக்கும்போது என்கோடிங்கை 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுங்கள். குறி இருந்தால் விழுங்கிவிடும், இல்லாவிட்டால் பேசாமல் இருக்கும். சொல்லின் நடுவில் 8203, 8204 என்ற எண்கள் தென்பட்டாலும் இதே வகையறாதான். அவற்றை 'ரீப்ளேஸ்' போட்டு நீக்குங்கள்.

"பௌதிகம்" வேறு ஜாதிப் பிழை. நீளம் 7 இருக்க வேண்டியது 8 என்று வருமே?

பிழைதிருத்தி:

8 வருகிறது. 65279-உம் வந்தது, மூன்று கோப்பிலும். சரியாகிவிட்டது.

துணைக்கால்:

அப்படியானால் யாரோ ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் "ள" என்ற எழுத்தும் அடித்திருக்கிறார்கள். பல எழுத்துருக்களில் வித்தியாசம் தெரியாது. இதை 'நார்மலைஸ்' தொடாது. அதன் கண்ணில் இது சமமான இன்னொரு வடிவம் அல்ல, வேறு சொல்.

சுழல்வண்டு:

அது என்ன பெரிய விஷயம், கொம்பும் "ள"வும் சேர்ந்து வந்தால் எல்லா இடத்திலும் ஔகாரக் குறியாக மாற்றிவிடுங்கள். ஒரு 'ரீப்ளேஸ்' போதும்.

பிழைதிருத்தி:

தம்பி, "தெளிவு" என்ற சொல்லை என்ன செய்வீர்கள்? "வெள்ளி"? "எளிது" தப்பிவிடும், அதில் கொம்பு இல்லை. "தெளிவு" தப்பாது.

சுழல்வண்டு:

ஐயோ. ஆமாம். வாபஸ்.

"ள"வுக்குப் பிறகு புள்ளியோ வேறு உயிர்க்குறியோ வராத இடங்களை மட்டும் எடுத்தால்? "தெளிவு", "வெள்ளி" இரண்டும் அப்போது ஒதுங்கிவிடும்.

பிழைதிருத்தி:

அது நல்ல யோசனை. ஆனால் மாற்றச் சொல்லப் போவதில்லை, காட்ட மட்டும் சொல்லப் போகிறேன். நானே பார்த்துக்கொள்கிறேன்.

அதற்கு நடுவே இன்னொரு கேள்வி. சரியான சொல் கிடைக்காதபோது அதே எழுத்துகளில் தொடங்கும் சொற்களையாவது காட்ட நினைத்தேன். அதற்காகப் பழைய லிஸ்டை 'சார்ட்' செய்தால் டைப் எரர் வருகிறது. 'நன்'னையும் எழுத்துச்சரத்தையும் ஒப்பிட முடியாது என்கிறது. நான் எங்கே ஒப்பிடச் சொன்னேன்?

அடைப்புக்குறி:

டியூப்பிள்களை வரிசைப்படுத்தும்போது முதலில் சொற்களை ஒப்பிடும். சொல் ஒன்றாகவே இருந்துவிட்டால் அடுத்ததாக விளக்கங்களை ஒப்பிடப் போகும். ஒரே சொல் இரண்டு தடவை வந்து, அதில் ஒன்றுக்கு மட்டும் விளக்கம் இல்லையென்றால் 'நன்'னும் சரமும் மோதிக்கொள்ளும். 'சார்ட்'டுக்கு 'கீ' என்ற இடத்தில் முதல் உறுப்பை மட்டும் பார் என்று சொல்லிவிடுங்கள். ஒரே சொல்லாக இருப்பவை தங்களுக்குள் பழைய வரிசையிலேயே நிற்கும், அது பைத்தான் தரும் உத்தரவாதம்.

வரிசைப்படுத்தியபின் 'பைசெக்ட்' மாட்யூலில் 'பைசெக்ட் லெஃப்ட்'. ஒவ்வொரு தடவையும் பட்டியலைப் பாதியாக மடித்துத் தேடும். 21,460 இரட்டைகளுக்குப் பதினைந்து மடிப்பு போதும். பைத்தான் 3.10-இலிருந்து அதற்கும் 'கீ' கொடுக்கலாம். அது காட்டும் இடத்திலிருந்து, தொடக்கம் ஒத்துப்போகும் வரை நடந்து போங்கள். "அச" என்று தேடினால் "அசல்", "அசை" இரண்டோடு "அச்சு"வும் வரும் என்பதை நினைவில் வையுங்கள். புள்ளி தனிக் குறி, "ச"வுக்குப் பிறகு வருவது.

அகராதி வரிசையில் அடுக்கிய லிஸ்டை மட்டும் அப்படியே இதற்குக் கொடுத்துவிடாதீர்கள். யூனிகோடு எண் வரிசையில் "ன" "ப"வுக்கு முன்னால் நிற்கும், "ற" "ர"வுக்கு அடுத்து நிற்கும், ஆய்த எழுத்து "அ"வுக்கும் முன்னால். உங்கள் அகராதி வரிசை அதை ஏற்காது. எந்த வரிசையில் அடுக்கினீர்களோ அதே வரிசையில் ஒப்பிட்டால்தான் பாதியாக மடிப்பது சரியான பக்கம் போகும். இல்லாவிட்டால் எரர் வராது, தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

பிழைதிருத்தி:

ஆமாம், "க்" எல்லாம் "கௌ"வுக்குப் பின்னால் போய் நிற்பதைப் பார்த்து நேற்றே நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன். தேடுவதற்கு ஒரு லிஸ்ட், அச்சுக்கு ஒரு லிஸ்ட் என்று தனித்தனியாக வைத்துக்கொள்கிறேன்.

கொம்பும் "ள"வும் சேர்ந்த இடங்கள் 57 வந்தன. எல்லாவற்றையும் தாளில் எடுத்து, சிவப்பு மையில் திருத்தி, பிறகு கோப்பில் ஏற்றினேன். "கௌரவம்" ஆறு தடவை. 57-இல் ஒன்று மட்டும் நிஜமாகவே "ள": யாரோ "வெளிப்பாடு" என்பதில் இகரக் குறியை விட்டுவிட்டிருந்தார்கள். நல்லவேளை, நிரலிடம் விடவில்லை. "வௌப்பாடு" ஆகியிருக்கும்.